பிக் ஃபோர் வரிப் பிரிவை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

நவம்பர் 30 முடிந்த மறு வாரமே ரெஸ்யூமேக்கள் வரத் தொடங்கிவிடும். டிரான்ஸ்ஃபர் பிரைசிங் உள்ள கம்பெனிகளின் ரிட்டர்னுக்கு அதுதான் கெடு. செப்டம்பரிலிருந்து தூக்கம் தொலைத்தவர்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "போதும்டா சாமி" என்கிறார்கள். ஒரு கம்பெனியின் வரிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் இருந்து இவர்களைப் பார்க்கிறேன். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி என எங்கிருந்து வந்தாலும் நல்ல சி.ஏ.க்கள் ஏறக்குறைய அதே இரண்டு இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதற்கு முன்னால் சுலபமானவற்றை முடித்துவிடுவோம்.

டிசம்பரில் ராஜினாமா முடிவு எடுக்காதீர்கள். லீவு போட்டு ஊருக்குப் போய் வாருங்கள். ஜனவரி கடைசியிலும் மனசு மாறவில்லை என்றால் தேடத் தொடங்குங்கள்.

கிளம்புவதற்குச் சரியான காலம், அசிஸ்டென்ட் மேனேஜர் ஆனதிலிருந்து மேனேஜராக இரண்டு வருடம் முடிக்கும் வரை. அதற்கு முன்னால் வந்தால் ஒரு ஸ்க்ரூட்டினியைக்கூட நோட்டீஸ் முதல் ஆர்டர் வரை தனியாக நடத்தியிருக்க மாட்டீர்கள். டைரக்டர் ஆன பிறகு வந்தால், அந்தச் சம்பளத்துக்கு கம்பெனிகளில் நாற்காலிகள் மிகக் குறைவு. விதிவிலக்குகள் உண்டு, அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. போனஸ் கைக்கு வரும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் பாருங்கள். நோட்டீஸ் காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் எந்த வேலையில் கை தேர்ந்தவர் என்று உங்களுக்கே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். "வரி" என்று ஒரே வேலை இல்லை. டிரான்ஸ்ஃபர் பிரைசிங்காரர்களுக்குச் சந்தை சிறியது. ஆனால் சென்னை, பெங்களூரில் வெளிநாட்டுத் தாய்க் கம்பெனிக்காக வேலை செய்யும் மையங்கள் பெரும்பாலும் செலவுக்கு மேல் ஒரு சதவீதம் வைத்து பில் போடுகிறவை. அந்தச் சதவீதத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஆளை விடமாட்டார்கள். ஜிஎஸ்டிக்காரர்களுக்கு உற்பத்தி நிறுவனங்களில் எப்போதும் இடம் உண்டு. இ-இன்வாய்ஸ் கட்டாயம் 5 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை இறங்கி வந்த பிறகு, சட்டமும் எஸ்ஏபியும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கு இன்னும் கிராக்கி. வெறும் ரிட்டர்ன் தயாரிப்பு மட்டும் செய்தவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அந்த வேலையை கம்பெனி உங்கள் பழைய ஃபர்முக்கே வெளியே கொடுத்திருக்கும். குறைந்தது ஒரு வருடம் மேல்முறையீடு அல்லது ஆலோசனைப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கி வேலை செய்துவிட்டு வாருங்கள்.

ரெஸ்யூமேயில் சட்டப் பிரிவு எண்களை வரிசையாக அடுக்குகிறவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய் வருமான வரிச் சட்டம் 2025 வந்துவிட்டது. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய வருட வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்பதால் இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அது ரெஸ்யூமேயில் போட வேண்டிய சங்கதி இல்லை. எந்தச் சிக்கல், எவ்வளவு தொகை, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது — நாலைந்து விஷயம் இப்படி எழுதினால் போதும். கிளையன்ட் பெயர் வேண்டாம்.

இப்போது சறுக்கும் இடங்கள்.

ஃபர்மில் உங்களுக்குப் பழக்கமானது கருத்து சொல்வது. கம்பெனியில் தேவைப்படுவது முடிவு. ஒரு உதாரணம். நான் நேர்காணலில் வழக்கமாகக் கேட்பது இது: "ஜெர்மனித் தாய்க் கம்பெனி நமக்கு ரெடிமேட் மென்பொருள் லைசென்ஸுக்கு பில் அனுப்பியிருக்கிறது. டிடிஎஸ் பிடிக்கலாமா?" வருகிறவர் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த இன்ஜினியரிங் அனாலிசிஸ் தீர்ப்பில் தொடங்குவார். அதற்கு முன் கர்நாடக உயர் நீதிமன்றம் என்ன சொன்னது, டெல்லி என்ன சொன்னது, துறை என்ன வாதிடக்கூடும் என்று பத்து நிமிடம் அருமையாகப் பேசுவார். கடைசியில், "ஆக, இரண்டு பார்வைகளும் சாத்தியம் சார்" என்று முடிப்பார். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். அக்கவுண்ட்ஸ் பையன் வாசலில் நிற்கிறான். அவனிடம் இரண்டு பார்வைகளையும் கொடுத்தனுப்ப முடியுமா?

நான் எதிர்பார்க்கும் பதில் நாலு வரி. "பிடிக்க வேண்டாம். ஒப்பந்தத்தைப் பார்த்து, நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தானா என்று உறுதி செய்துகொள்கிறேன். அவர்களுடைய வரி வசிப்புச் சான்றிதழும், இந்தியாவில் நிரந்தர நிலையம் இல்லை என்ற கடிதமும் வாங்கி வைக்கிறேன். நாளைக்குத் துறை கேட்டால் பயப்பட வேண்டிய தொகை இவ்வளவு." தீர்ப்பின் பெயரை நான் கேட்டால் சொன்னால் போதும்.

இரண்டாவது சறுக்கல் கணக்கெழுதுவதில். வரிப் பிரிவிலேயே வளர்ந்தவர்கள் ஜர்னல் என்ட்ரியை ஆர்ட்டிகிள்ஷிப்போடு மறந்துவிடுகிறார்கள். கம்பெனியில் காலாண்டு முடியும்போது சிஎஃப்ஓ உங்களிடம் கேட்பது வரிச் செலவு எவ்வளவு என்ற எண்ணைத்தான். ஊழியர்களின் விடுப்புச் சம்பளத்துக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், இன்னும் பணமாகக் கொடுக்கவில்லை என்று வையுங்கள். கொடுக்கும் வருடத்தில்தான் அதற்கு வரிக் கழிவு. சலுகை விகிதத்துக்கு மாறிய கம்பெனிக்கு 22 சதவீதம், அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் எல்லாம் சேர்ந்து 25.168. ஆகவே ஏறக்குறைய 25.17 லட்சம் டெஃபர்டு டாக்ஸ் அசெட். இதை டெபிட், கிரெடிட் சொல்லி மேசைமேல் எழுதிக்காட்டத் திணறினால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. இந்திய கணக்கியல் தரம் 12-ஐ ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, கையால் பத்துக் கணக்குப் போடுங்கள். வீடியோ பார்த்தால் வராது.

இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஏன் இதை யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. போகப்போகும் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். பட்டியலிட்ட கம்பெனி என்றால் அதன் தளத்திலேயே இருக்கும். இல்லையென்றால் எம்சிஏ தளத்தில் 100 ரூபாய் கட்டினால் நிதிநிலை அறிக்கை கிடைக்கும். சேர்மன் கடிதம், பளபளப்பான படங்கள் எல்லாம் தாண்டிப் போய் மூன்றே இடம் பாருங்கள்.

வருமான வரிக் குறிப்பில், லாபத்தின் மேல் சட்டப்படி வர வேண்டிய வரியையும் உண்மையான வரிச் செலவையும் பொருத்திக்காட்டும் அட்டவணை ஒன்று இருக்கும். 100 கோடி லாபத்துக்கு 25.17 கோடி வர வேண்டிய இடத்தில் 29 கோடி என்று நின்றால், மீதி எங்கிருந்து வந்தது? சிஎஸ்ஆர் செலவுக்குக் கழிவு கிடையாது, அது கொஞ்சம். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் நஷ்டத்துக்கு டெஃபர்டு டாக்ஸ் எடுக்கவில்லையா? நேர்காணலில் அதையே கேள்வியாகப் போடுங்கள்.

அடுத்தது தற்செயல் பொறுப்புகள் குறிப்பு. மூன்றாவதுதான் பொக்கிஷம்: ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பில், காரோ 2020-இன் ஏழாவது பிரிவின் கீழ் வரும் பட்டியல். தகராறில் உள்ள வரி எந்தச் சட்டம், எவ்வளவு, எந்த வருடம், எந்த மன்றம் என்று அப்படியே கொடுத்திருப்பார்கள். ஏழெட்டு வருடத்து வழக்குகள் முதல் மேல்முறையீட்டிலேயே தூங்கினால், உங்கள் வேலை அவற்றை எழுப்புவதும் ரீஃபண்டுக்கு அலைவதும். உயர் நீதிமன்றத்தில் இருந்தால் வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் காகிதம் திரட்டித் தரும் ஆள். எக்சைஸ், சர்வீஸ் டாக்ஸ், வாட் என்று பழைய சட்டங்களே நிறைந்திருந்தால், விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று கேளுங்கள். பட்டியலே காலி என்றால் "டாக்ஸ் ஹெட்" என்ற பட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது ரிட்டர்ன் வேலைதான். உங்களுக்குக் கீழே எத்தனை பேர், நீங்கள் யாருக்குக் கீழே என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நீங்கள் ஒருவரே மொத்தப் பிரிவும் என்பது சேர்ந்த பிறகு தெரிய வரக்கூடாது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துபாய்: 2023 ஜூன் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அங்கே கார்ப்பரேட் வரி வந்தது; 3,75,000 திர்ஹாமுக்கு மேல் 9 சதவீதம். வரிப் பிரிவையே புதிதாக அமைக்கும் இடங்களில் நம்மவர்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. விசிட் விசாவில் போய்த் தேட வேண்டாம். இங்கிருந்தே கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அமெரிக்க வரி: இஏ தேர்வு மூன்று தாள், படிக்கிறவனுக்குக் கஷ்டமில்லை. ஆனால் களைப்பில் ஓடிவருகிறவர்கள் கவனிக்கவும். இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை கசங்கியதற்குப் பதில் அங்கே மார்ச், ஏப்ரல், மறுபடி செப்டம்பர், அக்டோபர். காலண்டர்தான் மாறும்.

சொந்த பிராக்டிஸ்: முழுநேர வேலையை விட்டுவிட்டு பிராக்டிஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். தேடிப் போய் ஆள் பிடிக்க இன்ஸ்டிட்யூட் விடாது. ஆகவே மாதக் கட்டணம் தரும் கிளையன்ட் நாலைந்து பேராவது வாய்மொழியாக உறுதி சொல்லும் வரை பொறுங்கள். வழக்காடுவதில் ருசி கண்டவர்களுக்கு ஒரு தகவல்: சி.ஏ.வாக வருமான வரித் தீர்ப்பாயம் வரை வாதிடலாம், உயர் நீதிமன்றத்தில் முடியாது. அதற்கு மூன்று வருட எல்எல்பி வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்தால் சி.ஏ. பிராக்டிஸை விட வேண்டும். முப்பத்தைந்துக்குள் செய்தால் சரி, அதற்குமேல் நான் தூண்டமாட்டேன்.

வரியே வேண்டாம், பட்ஜெட், நிதித் திட்டமிடல் பக்கம் போகிறேன் என்பவர்கள் ஒரே தாவலில் முயன்று ஏமாறுகிறார்கள். முதலில் ஒரு கம்பெனியின் வரிப் பிரிவுக்குள் வாருங்கள். காலாண்டு வரிக் கணக்கைக் கையில் எடுங்கள். கணக்கு முடிக்கும் கூட்டத்தில் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும். பக்கத்து நாற்காலி காலியாகும்போது உள்ளேயே நகருங்கள்.

போகும் கம்பெனி உங்கள் ஃபர்மின் ஆடிட் கிளையன்ட் என்றால், ஆஃபர் வந்த பிறகல்ல, பேச்சு தொடங்கியதுமே உங்கள் ஃபர்மின் சுயேச்சைத்தன்மைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். இதை மறைத்தால் ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். பழைய கிளையன்ட் ஒர்க்கிங் எதையும் பென்டிரைவில் ஏற்றாதீர்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகும், நீங்கள் ஏற்றியதன் பதிவு ஃபர்மிடம் இருக்கும். எடுத்துப்போக வேண்டியவை சம்பள டிடிஎஸ் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் எண், ரிலீவிங் லெட்டர். அதோடு, உங்கள் வேலையை நேரில் பார்த்த இரண்டு பேரின் சொந்த போன் நம்பர். ஃபர்ம் நம்பர் வேண்டாம், அவர்களும் நாளைக்குக் கிளம்பியிருப்பார்கள்.