பனியில் அணைந்த போன்: சார்ஜரைத் தொடும் முன்

ஜனவரி பிறந்துவிட்டால் கனடாவின் ஸ்கார்பரோவில் பேருந்து நிறுத்தங்களில் அடிக்கடி காணக் கிடைக்கிற காட்சி இது. வெளியே மைனஸ் 18 டிகிரி. பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க ஒருவர் கையுறையைக் கழற்றிப் போனை எடுக்கிறார். பேட்டரி 40 சதவீதம் காட்டுகிறது. இரண்டு நிமிடத்தில் திரை கறுத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அவர் செய்கிற முதல் வேலை போனைச் சார்ஜரில் மாட்டுவது. இந்தப் பருவத்தில் செய்யவே கூடாத வேலை அதுதான்.

போனில் இருந்த படங்கள் போய்விட்டனவே என்று பதற வேண்டியதில்லை. குளிர் அவற்றைத் தின்பதில்லை. போனின் நினைவகத்தில் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. அவை கசிவதை விரைவுபடுத்துவது வெப்பம். குளிரில் கசிவு இன்னும் மெதுவாகிறது. குளிர் படங்களைத் தின்பதில்லை என்பதற்குப் பழைய சாட்சியும் ஒன்று உண்டு. 1897இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரேயும் இரு தோழர்களும் ஹைட்ரஜன் பலூனில் வட துருவம் நோக்கிப் பறந்து, திரும்பாமலே போனார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல், ஸ்வால்பார்டின் கிழக்கே வெள்ளைத் தீவில் அவர்களுடைய கடைசி முகாம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி எடுத்த படச்சுருள்களும் அங்கேயே கிடந்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்பவர் நிதானமாக அவற்றைக் கழுவி எடுத்ததில் 93 படங்கள் மீண்டன. 33 வருடப் பனியைத் தாங்கியது வெறும் படச்சுருள்!

குளிரையே கருவியாக்கியவர்களும் உண்டு. 2013இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கேலக்ஸி நெக்ஸஸ் போனைச் சுமார் ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்தார்கள். மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற ரேம், குளிரில் கொஞ்சம் தாமதித்து மறந்தது. அந்த இடைவெளிக்குள் குறியாக்கத்தின் சாவியையே அவர்கள் எடுத்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் செத்த போனை ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குச் சொல்லப்பட்ட அந்தக் கைவைத்தியம் போனுக்கு ஆகாது.

அப்படியானால் போன் ஏன் அணைந்தது? பேட்டரிதான் காரணம். லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டியாகி, அயனிகளின் ஓட்டம் தளர்கிறது. சரக்கு உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பேட்டரிக்கு வயதாகியிருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழைய ஐபோன்களை வேண்டுமென்றே மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டபோது சொன்ன விளக்கமும் இதுதான்: முதிர்ந்த பேட்டரி, குறைந்த சார்ஜ், குளிர் மூன்றும் சேர்ந்தால் போன் திடீரென்று நின்றுவிடுகிறது. ஐபோன் வேலை செய்ய ஆப்பிள் குறித்திருக்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. அணைத்து வைத்திருக்க மைனஸ் 20 வரை. வினிபெக்கில் மைனஸ் 30 இரவில் காருக்குள் மறந்துபோன போன் இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது.

பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் லித்தியம் உள்ளே போய் அடங்காமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படிகிறது. அந்தச் சேதம் திரும்பாது. உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. சார்ஜரை ஒதுக்கி வைக்க இது ஒரு காரணம். இன்னொன்று ஈரம். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிறதே, அதே நீர்ப்படலம் போனுக்குள் சர்க்யூட் பலகையிலும் படியலாம். உறைந்த போன் தாங்கிக்கொள்கிறது. நனைந்த பலகையில் மின்சாரம் ஓடினால்தான் படங்களுக்கு உண்மையான ஆபத்து.

ஆகவே, கதவைத் திறப்பதற்கு முன்பே போனை ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை நசுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். நீர்த்துளிகள் பையின் வெளிப்புறத்தில் படியட்டும். பையோடு அதை வீட்டின் குளிர்ந்த மூலையில், வாசல் அலமாரி போன்ற இடத்தில், இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்கக் காரில் கிடந்ததென்றால் இன்னும் கூடுதலாக. ஹீட்டர் துவாரத்தின் மேல் வைப்பது, முடி உலர்த்தியால் ஊதுவது, ஓவனுக்குள் வைப்பது எதுவும் வேண்டாம். அரிசிப் பானையும் வேண்டாம். அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. பையிலிருந்து எடுத்தபின் ஈரம் தெரிந்தால், சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் உலரவிடுங்கள். பிறகு சார்ஜர். திரை உடனே ஒளிராவிட்டால் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

போன் எழுந்தவுடன் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். அணைந்து எழுந்த போன் கைரேகையையோ முகத்தையோ ஏற்காது. கடவு எண்ணைத்தான் கேட்கும். அப்பம்மாவின் போனுக்குப் பேரன் மூன்று வருடம் முன்பு போட்டுக்கொடுத்த எண் யாருக்கு நினைவிருக்கிறது? இன்றைய ஐபோன்களிலும், ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவந்த போன்களிலும் உள்ளிருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டது. நினைவகச் சில்லைக் கழற்றி எடுத்துப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான். ஊகித்து ஊகித்துத் தப்பான எண்ணை அடிப்பதும் ஆபத்து: பத்து முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி ஐபோனில் ஓர் அமைப்பு இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர்களின் எண்ணை இன்றே கேட்டு, டைரியில் எழுதி வையுங்கள்.

திரை திறந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் குசலம் விசாரிக்க ஓடாதீர்கள். குளிர்பட்ட பேட்டரி அடுத்த முறை எழாமலும் போகலாம். சார்ஜரில் இருந்தபடியே முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் கணினிக்கோ மேகச் சேமிப்புக்கோ நகலெடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பையும் கையோடு போட்டுவிடுங்கள். ஃபேக்டரி ரீசெட் என்ற பக்கமே போக வேண்டாம், அது குறியாக்கத்தின் சாவியையே தூக்கி எறிந்துவிடும்.

தொடுதிரை மட்டும் செத்திருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில் சிறு இணைப்பான் வழியாகச் சாதாரண யுஎஸ்பி மவுஸைச் செருகி அம்புக்குறியால் எண்ணை அடிக்கலாம். ஐபோன் என்றால் பெரும்பாலும் திரையை மாற்றுவதுதான் வழி. மைக்ரோ எஸ்டி அட்டை இருந்தால் பாதிக் கவலை விட்டது: கழற்றி, உலர்த்தி, கணினியில் படித்துவிடலாம். கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே "போன் வேண்டாம், உள்ளே இருப்பதுதான் வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பழுதுபார்ப்பவர் ரீசெட் செய்து, போனைப் பளபளவென்று திருப்பித் தருவார்.

பனிக்குவியலில் விழுந்து காணாமற்போன போன்களின் கதை மார்ச்சில்தான் முடிகிறது. ஐபோன் 11 முதலான பெரும்பாலான ஐபோன்கள் அணைந்த பிறகும் சில மணி நேரம் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும். அதனால் தேடலை மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே தொடங்குங்கள். பனி உருகியபின் சாலையோரச் சகதியில் கிடைக்கிற போனை வேறு மாதிரி நடத்த வேண்டும். அந்தத் தண்ணீரில் மாநகராட்சி தூவிய உப்பு இருக்கிறது. அது செம்பை அரிக்கும். அப்படிக் கிடைத்த போனைச் சார்ஜரில் மாட்டாமல், சர்க்யூட் பலகையைப் பழுதுபார்க்கத் தெரிந்த கடைக்கு அன்றைக்கே கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் பேட்டரியைப் பிரித்துவிட்டு, பிறகு பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுவார்கள்.