கல்லாவுக்கு வரும் நினைவு நாணயங்கள்



தலைவர்களையும் விழாக்களையும் போற்றி அரசு வெளியிடும் நினைவு நாணயங்கள் நம் கல்லாவுக்கும் வருகின்றன. படம் புதிதாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. லட்சம் பெறும் என்று பூட்டி வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டந்தான். நாணயத்தைப் பார்த்து மதிப்பிட நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. ஆண்டு: சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேரு மறைவையொட்டி வந்தது. காந்தி நூற்றாண்டு நாணயம் 1969இல் வந்தது. அதில் 1869-1948 என்று இருப்பதைக் காட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் காசு என்று விலை சொல்வார்கள். அவை காந்தியடிகள் பிறந்த, மறைந்த ஆண்டுகள். ஏமாற வேண்டாம்.

2. நாணயச்சாலைக் குறி: பெரும்பாலும் ஆண்டுக்குக் கீழே சிறிதாக இருக்கும். வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரு சாலையில் குறைவாக அடித்திருந்தால், அதே படமுள்ள நாணயத்துக்கு விலை கூடும்.

3. உலோகம்: 1969ஆம் ஆண்டின் காந்தி பத்து ரூபாய் 15 கிராம் எடை, அதில் 80 சதவீதம் வெள்ளி. ஆக 12 கிராம் வெள்ளியின் அன்றைய விலையே அதன் அடிமதிப்பு. காந்தத்தில் ஒட்டினால் அது போலி. 1972ஆம் ஆண்டின் சுதந்திர வெள்ளிவிழா பத்து ரூபாயில் வெள்ளி 50 சதவீதமே. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போடக்கூடாது.

4. நிலை: இதில் நாமே பாடம் கற்றோம். நம்மிடம் இருந்த காந்தி வெள்ளி நாணயம் கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சேகரிப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "தேய்த்துவிட்டீர்களே ஐயா, இனி வெள்ளி விலைதான்" என்றார். கறுப்பு குறையல்ல, கீறல்தான் குறை. ஓரத்தைப் பிடித்து எடுத்துக் காகித உறையில் போட்டு வைப்பதே சரி.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த திருவள்ளுவர் நாணயம், 2009இல் தமிழ்க் கையெழுத்துடன் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் ஆகியவை நமக்குப் பெருமை தருபவை. ஆனாலும் புழங்கித் தேய்ந்தவை பெரும்பாலும் முகமதிப்புக்கே போகும். பத்து ரூபாயில் 14 வகை வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆகவே வாடிக்கையாளரிடம் மறுக்க வேண்டாம். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாதவையாயின. காந்தி 20 பைசா இன்று சேகரிப்புப் பொருளே.

வைஷ்ணவ தேவி நாணயம் இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று கேட்பவர்களை நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. சரக்கை வாங்குகிறவன்தான் பணம் தரவேண்டும். விற்கிறவனிடம் முன்பணம் கேட்கும் வியாபாரம் எந்த மண்டியிலும் இல்லை.