அடியா, பிடியா, மேலா, கீழா: சண்டை விளையாட்டுகளில் முதல் மிக்ஸ்-அப்பைத் தேர்ந்தெடுத்தல்

பல சண்டை வீடியோ விளையாட்டுகளில் எதிராளிக்கு எதிர்த்திசையில் ஸ்டிக்கைப் பிடித்தாலே பெரும்பாலான அடிகளை பிளாக் செய்துவிடலாம். அந்தத் தடுப்பை உடைக்கும் வழிதான் மிக்ஸ்-அப்: இரண்டு ஆபத்துகளை ஒரே சமயத்தில் முன்னே நிறுத்தி, ஒரு பதிலால் இரண்டையும் சமாளிக்க முடியாதபடி செய்வது. தொடக்க நிலையில் கற்கத்தக்கவை மூன்று: அடி அல்லது பிடி, மேல் அல்லது கீழ், இடம் அல்லது வலம். மூன்றையும் ஒருசேரக் கற்க முயல்பவர் எதையும் உருப்படியாகக் கற்பதில்லை. எதில் தொடங்குவது என்பதை ஆடும் விளையாட்டே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் அசையும் வாய்ப்பு தாக்குபவரிடம் இருக்க வேண்டும். இவ்விளையாட்டுகள் நொடிக்கு 60 பிரேம் கணக்கில் ஓடுகின்றன. 2023இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மிக வேகமான சாதாரண அடிக்கு 4 பிரேம், த்ரோவுக்கு, அதாவது பிடிக்கு, 5 பிரேம். இருவரும் ஒரே கணத்தில் பட்டனை அழுத்தினால் த்ரோ தோற்கும். ஆகவே எதிராளி விழுந்து எழும் வேளையிலோ, பிளாக் செய்யப்பட்ட பிறகும் தாக்குபவருக்கே சில பிரேம் மிச்சம் தரும் அடிக்குப் பின்னரோதான் மிக்ஸ்-அப்பில் இறங்க வேண்டும். டிரைவ் ரஷ் என்ற முன்பாய்ச்சல் மூலம் வரும் சாதாரண அடிகளுக்கு 4 பிரேம் கூடுதலாகக் கிடைப்பதால் அந்த விளையாட்டில் இந்த வாய்ப்பு அடிக்கடி அமையும். மிச்சம் இல்லாதபோது மிக்ஸ்-அப் செய்பவரை ஜாப் என்ற வேகமான சிறு குத்து ஒன்றே நிறுத்திவிடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடத் தொடங்குபவருக்கு அடி–பிடியே சரியான தேர்வு. எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் அது உண்டு. கடினமான உள்ளீடு எதுவும் வேண்டாம். பிளாக் செய்தபடி இருப்பவரை த்ரோ பிடிக்கும். த்ரோவை முறிக்கவோ, குதித்து ஓடவோ, பட்டன் அழுத்தவோ முயல்பவர்மீது அடி விழும். மூன்றாவது கிளையாக ஷிம்மி இருக்கிறது: த்ரோ தூரத்துக்குள் நடந்து வந்து உடனே பின்வாங்கினால், எதிராளி முறிப்பதற்காக அழுத்திய த்ரோ காற்றைப் பிடிக்கும். அந்த இடைவெளியில் முழு காம்போவையும், அதாவது தொடரடியையும், போடலாம்.

எதை எவ்வளவு அடிக்கடி செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பாதிக்குப் பாதி என்று பிரிப்பது இயல்பாகத் தோன்றினாலும் சரியல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் பெரும்பாலான கதாபாத்திரங்களின் உயிர் 10,000. சாதாரண த்ரோ ஏறத்தாழ 1200 எடுக்கும். ஷிம்மிக்குப் பின்வரும் காம்போ 3000 எடுப்பதாக வைத்துக்கொண்டால், த்ரோவை முறிக்க முயன்று ஏமாறுபவரின் இழப்பு இரண்டரை மடங்கு. அதனால் அறிந்த எதிராளி பெரும்பாலும் பேசாமல் பிளாக் செய்து த்ரோவை வாங்கிக்கொள்வார். கணக்குப்படி, இந்த இரண்டே தெரிவுகள் இருக்கும் நிலையில், ஏழுக்கு ஐந்து முறை த்ரோவும் இரண்டு முறை ஷிம்மியும் செய்தால் எதிராளி எதைச் செய்தாலும் சராசரி இழப்பு மாறாது. சேதம் குறைந்த தெரிவையே அதிகம் பயன்படுத்த வேண்டும் என்ற இந்த முடிவு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஷிம்மியின் அச்சம்தான் த்ரோவுக்கு வழி திறக்கிறது. ஷிம்மியை அறவே செய்யாதவரின் த்ரோக்கள் ஒவ்வொன்றாக முறிபடும்.

மேல்–கீழ் முறையில் லோ அடியைக் குனிந்தும் ஓவர்ஹெட்டை நின்றும் தடுக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் இது துணை ஆயுதம் மட்டுமே. தரையிலிருந்து அடிக்கும் ஓவர்ஹெட்கள் பொதுவாக மெதுவானவை. எதிர்பார்த்திருப்பவர் பார்த்தே நிமிர்ந்துவிடுவார். 2021இல் வந்த கில்டி கியர் ஸ்ட்ரைவில் நிலைமை வேறு. அங்கே டஸ்ட் என்ற ஓவர்ஹெட் எல்லாருக்கும் உண்டு. பட்டனைப் பிடித்து வைத்தால் அது மெதுவாகும், ஆனால் பட்டால் எதிராளியை மேலே தூக்கிப் பெரிய காம்போவுக்கு இடம் தரும். மிலியா ரேஜ் போன்ற கதாபாத்திரத்தைத் தேர்ந்தவர், எதிராளி விழுந்த பிறகான மேல்–கீழ் ஆட்டத்தை முதலிலேயே பயில்வது நல்லது. அவளுடைய பலமே அதுதான்.

டெக்கன் 8க்கு அடி–பிடி, மேல்–கீழ் என்ற பிரிவினை அப்படியே பொருந்தாது. அங்கே சாதாரண த்ரோவைக் குனிந்தே தவிர்க்கலாம். ஆக, குனிதல் என்ற ஒரே பதில் த்ரோ, லோ இரண்டையும் சமாளிக்கிறது; குனிந்தவரை மிட் எனப்படும் நடுமட்ட அடி தண்டிக்கிறது. டெக்கன் கற்பவர் நம்பகமான ஒரு மிட்டையும் ஒரு லோவையும் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். பெரிய பலன் தரும் லோக்கள் பிளாக் செய்யப்பட்டால் பலமாகத் தண்டிக்கப்படும் என்பதால், சேதம் குறைந்தாலும் ஆபத்து குறைந்த லோவில் தொடங்குவதே உசிதம்.

இடம்–வலம், அதாவது கிராஸ்-அப், தலைக்கு மேல் குதித்து மறுபக்கம் அடித்து, பிளாக் செய்யும் திசையை மாற்றுவது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூ குதித்தடிக்கும் மீடியம் கிக் இதற்குப் பழைய உதாரணம். பார்க்க அழகானது, ஆனால் நின்றுகொண்டிருக்கும் எதிராளிமீது குதிப்பவர் வானிலேயே அடி வாங்குவார். தூரமும் நேரமும் துல்லியமாக வேண்டியிருப்பதால் இதைக் கடைசியில் கற்பதே மேல். உதவியாளரை அழைக்கும் மார்வெல் வெர்சஸ் கேப்காம் வகை விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்கு. உதவியாளரின் அடியைத் தடுத்தபடி எதிராளி கட்டுண்டு நிற்க, பக்கம் மாறுவது அங்கே எளிது.

தேர்ந்த முறையை ட்ரெய்னிங் மோடில் சோதிக்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் டம்மி என்ற பயிற்சி எதிராளி எழும்போது செய்ய வேண்டியதைப் பல பதிவுகளாகச் சேமித்து, அவை மாறிமாறி வரும்படி அமைக்க முடியும். த்ரோ முறிப்பு, 4 பிரேம் ஜாப், குதித்தல், பிளாக் ஆகிய நான்கையும் பதிந்து, எந்தத் தெரிவு எதை வெல்கிறது என்று பார்க்க வேண்டும். அதன்பின் ஓவர்டிரைவ் ஷோர்யூக்கனையும் சேர்ப்பது அவசியம். எழும்போதே அடிபடாத் தன்மையோடு வரும் அத்தகைய எதிர்த்தாக்குதல் அடி, த்ரோ இரண்டையும் வெல்லும். எதுவும் செய்யாமல் பிளாக் செய்து காத்திருப்பதே அதற்குப் பதில். அப்படிக் காத்திருந்து தடுத்தவருக்கு ஆட்டத்திலேயே மிகப் பெரிய தண்டனை வாய்ப்புகளில் ஒன்று கிடைக்கிறது.