குட்டி யானைக்கு உப்பும் ஆகாது, நெரிசலும் ஆகாது

2005-இல் வந்த டாடா ஏஸ், 'குட்டி யானை'யாக வடசென்னையில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஒர்க் ஷாப் செலவைக் குறைக்கச் சில குறிப்புகள்:

• துரு: காசிமேட்டில் மீன் ஏற்றினால் ஐஸ் தண்ணீரோடு உப்பும் சேஸிஸில் இறங்கும். அன்றன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மழைக்காலத்துக்கு முன் அண்டர்கோட்டிங் அடித்துவிடுங்கள்.

• கிளட்ச்: எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது பெடலில் காலை வைத்தே இருக்காதீர்கள், வண்டி நின்றால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கிளட்ச் பிளேட் மாற்றும்போதே பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸ் இறக்கும் கூலி ஒரு தடவையோடு போகும்.

• சூடு: கூலன்டுக்குச் சில நூறு ரூபாய்தான். அது குறைந்து ஹெட் கேஸ்கெட் போனால் பல ஆயிரம். சூடு காட்டும் முள் ஏறினால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

• பாரம்: ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் ஏற்றுங்கள். மீறினால் ஸ்பிரிங் பட்டை உடையும். டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயும்.

• பில்: பாகங்களின் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். கதவு, பம்பர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்கள் மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.