ஓம் கணக்கைப் பார்த்து பிக்கப் வாங்காதீர்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஹம்பக்கரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "இது எத்தனை கே?" என்றுதான். மல்டிமீட்டரில் 8 கிலோஓம் காட்டினால் பழைய காலத்து மென்மை, 16 காட்டினால் மெட்டலுக்கு ஏற்ற முரடு என்று ஒரு வாய்பாடு எல்லோர் மனதிலும் படிந்திருக்கிறது. அளக்க எளிது, அட்டையில் அச்சிட எளிது, நண்பரிடம் சொல்ல எளிது என்பதால் இந்த ஒற்றை எண் இவ்வளவு செல்வாக்குப் பெற்றுவிட்டது. ஆனால் ஒரு பிக்கப் எப்படி ஒலிக்கும் என்பதைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. பிக்கப் தனியாக ஒலிப்பதே இல்லை. அதன் கம்பிச்சுருள் (காயில்), கிட்டாருக்குள் இருக்கும் பாட்கள் (வால்யூம், டோன் கட்டுப்பாடுகள்), ஆம்ப் வரை போகும் கேபிள் எல்லாம் சேர்ந்த ஒரு மின்சுற்றுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. அந்தச் சுற்றைப் புரிந்துகொண்டவர் பாதி நேரம் புது பிக்கப்பே வாங்க மாட்டார். வாங்கினாலும் சரியானதை வாங்குவார். இதுதான் என் வாதம்.

முதலில் ஓம் கணக்கையே சோதித்துப் பார்ப்போம். மின்தடை, சுற்றிய கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த முதல் ஹம்பக்கரில் இருந்தது 42 கேஜ் தாமிரக் கம்பி. அதன் மின்தடை ஏறத்தாழ 8 கிலோஓம். அதே நீளக் கம்பியை, அதைவிட மெல்லிய 44 கேஜில் எடுத்தால் அடிக்கு அடி தடை சுமார் 1.6 மடங்காகும். ஒரு சுற்றுகூடக் கூட்டாமல் 8 என்பது 12-ஐத் தாண்டிவிடும். செய்மூர் டங்கனின் புகழ்பெற்ற ஜேபி மாடல் 16 கிலோஓமுக்கு மேல் காட்டுகிறது என்றால் அதில் மெல்லிய கம்பிக்குப் பெரும் பங்கு உண்டு. 8 காட்டுவதைவிட இரண்டு மடங்கு சத்தம் என்று பொருளில்லை. வெப்பநிலையும் குறுக்கே வரும். தாமிரத்தின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. 20 டிகிரி ஏசி அறையில் 8.0 காட்டும் பிக்கப், 35 டிகிரி வெயில் நேரத்தில் 8.5-ஐ நெருங்கிவிடும். 7.9-க்கும் 8.3-க்கும் இடையில் சொர்க்கமும் நரகமும் இருப்பதாக வாதிடுபவர்கள் பல நேரம் அறையின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். தடையை வைத்து ஒலியைக் கணிப்பது, செருப்பை எடைபோட்டுக் கால் அளவைச் சொல்வது போலத்தான். காயில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் அருமையான கருவி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் தன்மின்தூண்டல் எண் என்று படித்ததை, தொழிலில் இண்டக்டன்ஸ் என்பார்கள், அலகு ஹென்றி. இந்த இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அங்கே ஒலி சற்றே எழும்பி நிற்கும். அதற்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். 22 ஃப்ரெட் கிட்டாரின் உச்ச சுரமே 1,200 ஹெர்ட்ஸைத் தொடாது என்பதால், அதற்கு மேலே இருப்பவையெல்லாம் மேற்சுரங்கள். கிட்டார் பளிச்சென்று கேட்கிறதா, கம்பளி போர்த்தியது போல் கேட்கிறதா என்பதை முடிவு செய்வது அந்த எழும்பும் இடம்தான். பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் கேபிளில் சுமார் 500 பிகோஃபாரட், காயிலுக்குள்ளேயே ஒரு 100. கணக்குப் போட்டால் எழுச்சி ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸில் வருகிறது. அதே கேபிளில் 8 ஹென்றி உள்ள, நிறையச் சுற்றிய பிக்கப்பைப் போட்டால் 2,300-க்கு இறங்குகிறது. இப்படி நிறையச் சுற்றிய "ஹாட்" பிக்கப் போட்டபின் "சத்தம் கூடியது, ஆனால் ஏதோ மூடிக்கொண்டது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே.

இனி இதைக் கவனியுங்கள். முதலில் சொன்ன 4.4 ஹென்றி பிக்கப்பை அப்படியே விட்டுவிட்டு, 5 மீட்டர் கேபிளை எடுத்து 3 மீட்டர் கேபிளைப் போட்டால் எழுச்சி 3,100-லிருந்து 3,800-க்கு ஏறுகிறது. ஒரு வகைப் பிக்கப்பிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவினால் கிடைத்த 800 ஹெர்ட்ஸ் நகர்வுக்கு ஏறத்தாழ ஈடான நகர்வு இது, எதிர்த் திசையில். செலவோ ஒரு கேபிளின் விலை. பாட்களும் இப்படித்தான். வால்யூம், டோன் இரண்டும் 500 கிலோஓம், ஆம்பின் உள்ளீடு 1 மெகாஓம் என்றால் காயில் சுமக்கும் பாரம் மொத்தமாக 200 கிலோஓம். பாட்கள் 250 ஆக இருந்தால் அது 111-க்கு விழுகிறது. எழுச்சி அமுங்கி ஒலி மங்குகிறது. சாதாரண பாட்களில் 20 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு வழக்கம் என்பதால், 500 என்று எழுதியிருப்பது உண்மையில் 400 ஆகவும் இருக்கலாம். ஆகவே மங்கல் என்று குறைப்படும் கிட்டாரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பாட்களின் மதிப்பு, அடுத்தது கேபிளின் நீளம், மூன்றாவது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்த நிலையில், பிரிட்ஜ் பிக்கப்பில் தந்திக்கும் துருவத்துக்கும் இடையே 1.6 மில்லிமீட்டர், நெக் பிக்கப்பில் 2.4 என்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து ஒரு திருகாணிச் சுற்று ஏற்றி இறக்கிக் கேளுங்கள். அருகில் போகப்போகச் சத்தமும் தாக்கமும் கூடும். விலகினால் ஒலி திறந்துகொள்ளும். இத்தனையும் செய்துபார்த்துப் போதாது என்று தெரிந்த பின்பே பற்றவைப்புக் கோலைச் சூடாக்குவது நியாயம்.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். பிக்கப் என்பது வெறும் வடிகட்டிதான் என்றால், ஈக்வலைசர் பெடல் ஒன்று போதுமே, மாற்றுவதே வீண் என்றல்லவா ஆகிறது? பாதி உண்மை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்த ஈக்வலைசர் நிறையச் சாதிக்கும். பின்னால் வைத்தால் அதே பலன் வராது. ஒலி நசுங்குவதற்கு முன் எந்தப் பகுதி மேலோங்கியிருந்ததோ அதுவே நசுங்கலின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஈக்வலைசரால் தீராத குறைகள் உண்டு. மெழுகு ஊற்றாத காயிலும் தளர்ந்த மூடியும் உரத்த ஆம்பின் முன் வீலென்று கத்தும். கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் கிட்டாரின் கிப்சன் பிக்கப்பை மெழுகில் முக்கியது இந்தக் கத்தலை அடக்கத்தான். நெக்கும் பிரிட்ஜும் ஒன்றுக்கொன்று சமமில்லாமல், சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் ஆம்பைத் திருத்த வேண்டியிருப்பது இன்னொரு குறை. ஒரே கிட்டாரில் ஹம்பக்கரும் சிங்கிள் காயிலும் வேண்டும் என்பவருக்கு நான்கு கம்பி வெளியே வரும் பிக்கப் எளிய வழி. இவை மாற்றுவதற்கான உண்மையான காரணங்கள். "கம்பெனி பிக்கப் எப்போதும் மட்டம்" என்பது காரணமாகாது.

காந்தத்தை விட்டுவிட்டேனே என்று அடுத்த கேள்வி வரும். அல்நிகோ 2 இனிமை, அல்நிகோ 5 கூர்மை, செராமிக் கரடுமுரடு என்ற பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். காதுக்கு வித்தியாசம் கேட்பது உண்மைதான். காரணத்தைத்தான் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலுவான காந்தம் அதிக மின்னழுத்தம் தரும். அதோடு, அல்நிகோ உலோகக் கலவை. ஹம்பக்கரின் அடியில் கிடக்கும் அது இண்டக்டன்ஸைச் சிறிது கூட்டும். செராமிக் அப்படிக் கூட்டுவதில்லை. அதாவது மற்றவை மாறாமல் காந்தத்தை மட்டும் மாற்றினால் செராமிக் சற்றுப் பளிச்சென்று ஒலிக்க வாய்ப்புண்டு. செராமிக் என்றால் கனத்த, நசுங்கிய ஒலி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1970-களின் தொடக்கத்தில் டிமார்ஸியோ வெளியிட்ட சூப்பர் டிஸ்டார்ஷன் போன்றவை, செராமிக்கோடு சேர்த்துக் கம்பியையும் ஏராளமாகச் சுற்றியிருந்தன. கேட்டது கம்பிச்சுற்றின் குரல். பெயர் காந்தத்துக்குப் போனது. காந்தத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பிச்சுற்றைத் தெரிந்துகொள்ளாமல் காந்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, பழமையின் மந்திரம். லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்ற ஆங்கில வாசகம் பிக்கப்பின் அடியில் ஒட்டப்பட்டது. அதன் முதலெழுத்துகளால்தான் அவற்றைப் பிஏஎஃப் என்கிறோம். இன்று அவற்றுக்குக் கேட்கும் விலை ஒரு முழு கிட்டாரையே வாங்கப் போதும். ஆனால் அன்றைய தயாரிப்பில் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று வேறுபட்டது. ஒரே பிக்கப்பின் இரண்டு காயில்களே சமமாக இருக்காது. காந்தமாகக் கையில் கிடைத்த அல்நிகோ வகை போடப்பட்டது. தடை 7-க்குச் சற்று மேலே தொடங்கி 9 வரை பரவிக் கிடக்கிறது. பிஏஎஃப் என்பது ஓர் ஒலி அல்ல, ஓர் ஒலிக் குடும்பம். அதில் சில அற்புதமாக ஒலிப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் "பிஏஎஃப் பாணி" என்று அட்டையில் எழுதியிருந்தால், குடும்பத்தில் எந்த உறுப்பினர் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிட்டாரில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது வந்த அந்த மூக்கடைத்த குரலுக்கு ஒரு காந்தம் தலைகீழாக இருந்ததே காரணம். புகழ்பெற்ற ஒலிகளின் பின்னால் இப்படி விளக்கக்கூடிய காரணம் இருக்கிறது என்பதுதான் இதில் நமக்கான பாடம்.

வாங்குவது என்று முடிவானால் நான் போகும் வரிசை இது. ஒலியில் என்ன குறை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "பிரிட்ஜ் குத்துகிறது", "நெக்கில் கீழ்த் தந்திகள் குழைகின்றன" என்பது போல. குத்துகிறது என்றால் இப்போதிருப்பதைவிட இண்டக்டன்ஸ் கூடியதைத் தேடுங்கள். குழைகிறது என்றால் குறைந்ததை. இண்டக்டன்ஸ் கொடுக்கப்படாமல் ஒத்ததிர்வு எண் மட்டும் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது பெரும்பாலும் கேபிள் இல்லாமல் அளந்தது, உங்கள் கிட்டாரில் அதைவிட வெகுவாக இறங்கும். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டுமே அது உதவும். பிறகு பொருத்தம். கிப்சன் வகையில் முதல் துருவத்திலிருந்து ஆறாவது வரை சுமார் 50 மில்லிமீட்டர்; ஃபெண்டர் பாணி பிரிட்ஜ், டிரெமலோ உள்ளவற்றுக்கு 52, 53 வேண்டும். வாங்குமுன் உங்கள் தந்திகளின் அகலத்தை அளவுகோலால் அளந்துவிடுங்கள். உலோக மூடி வேண்டுமென்றால் நிக்கல் சில்வரா என்று கேளுங்கள். பித்தளை மூடி மேல்பகுதியைக் கூடுதலாக விழுங்கும். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்களை விரும்புபவர்கள் 9 வோல்ட் பேட்டரிக்கு இடமும் 25 கிலோஓம் பாட்களும் தேவை என்பதை முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளேயே முன்பெருக்கி இருப்பதால் கேபிள் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

பற்றவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கம்பிகளின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது. செய்மூர் டங்கனில் கறுப்பு சூடான (சிக்னல்) முனை, பச்சை தரை, சிவப்பும் வெள்ளையும் இணைப்பு. டிமார்ஸியோவில் சிவப்பு சூடான முனை, பச்சை தரை, கறுப்பும் வெள்ளையும் இணைப்பு. இரண்டு நிறுவனங்களின் பிக்கப்பை ஒரே கிட்டாரில் போடும்போது நிறத்தை மட்டும் நம்பினால் ஒரு காயில் ஊமையாகும், அல்லது நடுநிலையில் ஒலி மெலிந்து எதிர்நிலைக்குப் போகும். வேலை முடிந்ததும் கிட்டாரை ஆம்பில் செருகி, திருப்புளியால் ஒவ்வொரு காயிலின் துருவத்தையும் மெல்லத் தட்டுங்கள். இரண்டும் ஒரே அளவில் டொக்கென்று பதில் சொன்னால் இரண்டு காயிலும் வேலை செய்கின்றன. நடுநிலையில் ஒலி மெலிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பின்பு உயரத்தை முதலிலிருந்து திருத்துங்கள். பழைய பிக்கப்புக்கு வைத்த உயரம் புதியதற்குப் பொருந்தாது. கழற்றிய பிக்கப்பைத் தூக்கி எறியாமல், எந்த உயரத்தில், எந்த பாட்களோடு, எத்தனை மீட்டர் கேபிளில் எப்படி ஒலித்தது என்று ஒரு சீட்டெழுதி அதோடு கட்டி வையுங்கள். அடுத்த பிக்கப்பை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி வரும்போது, எந்த விளம்பரத்தையும்விட அந்தச் சீட்டு நம்பகமானது.