பல் முரசு நோயும் கட்டிளமைப் பருவமும்

உடம்பை இறைவன் குடியிருக்கும் ஆலயமாகவும், வாயை அவ்வாலயத்தின் வாசலாகவும் காட்டியவர் திருமூல நாயனார். கொடியேற்றத்திற்கு முன்பே கோயில் வாசலைக் கூட்டிக் கழுவித் தோரணம் கட்டும் நாம், பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்பது பல்வலி வந்த பின்னர்தான். ஆனால் பற்களைத் தாங்கி நிற்கும் முரசில் உண்டாகும் நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல வருடங்கள் மறைந்திருந்து, பல் ஆடத் தொடங்கும்போதே அது வெளியே தெரிகின்றது. ஆகவே வலிக்காகக் காத்திராமல், கட்டிளமைப் பருவத்திலேயே இதனைக் கண்டறிதல் வேண்டும்.

நோய் தோன்றும் விதம்

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று படியத் தொடங்குகின்றது. இது பற்றீரியாக்களின் கூட்டமாகும். பேச்சுவழக்கில் பல் ஊத்தை என்போம். முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் இது தங்கினால் முரசு சிவந்து வீங்கும். இது முரசழற்சி எனும் முதலாம் நிலை. அழற்சி உள்ளே பரவி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் தாடை என்பையும் அழிப்பது இரண்டாம் நிலை. முதலாம் நிலை முற்றாகக் குணமாகும். இரண்டாம் நிலையில் நோயை நிறுத்தலாமே தவிர, இழந்த என்பு முழுமையாகத் திரும்பி வராது.

1965இல் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி ஏற்பட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மாறியது. இதனை நடத்தியவர்களுள் முதன்மையானவர் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோ.

எமது நாட்டில் கண்ட உண்மை

அவரது குழுவினர் 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை ஆராய்ந்தனர். ஆரம்பத்தில் இவர்களின் வயது 14 முதல் 31 வரை. பல் துலக்கும் பழக்கமோ, பல் சிகிச்சையோ இவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. ஏறக்குறைய 8 வீதமானோரில் நோய் மிக வேகமாகவும், 81 வீதமானோரில் மிதமாகவும் முன்னேறியது. 11 வீதமானோரில் முரசழற்சிக்கு அப்பால் செல்லவில்லை. வேகமாக முன்னேறியவர்களுக்கு 20 வயதிலேயே பற்கள் விழத் தொடங்கி, 45 வயதில் ஒன்றும் எஞ்சவில்லை. இவர்களிடம் சூத்தைப் பல் அநேகமாகக் காணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சூத்தை இல்லாத பற்களே விழுந்தன. "என் பிள்ளைக்குச் சூத்தை இல்லை" என்று பெற்றோர் ஆறுதலடைய முடியாது என்பதற்கு இதுவே சான்று.

ஆபத்தை அதிகரிக்கும் காரணிகள்

1. பருவமடையும் காலத்தில் ஓமோன்களின் மாற்றத்தால் சிறிதளவு ஊத்தைக்கும் முரசு அதிகமாக வீங்கும்.
2. நெருக்கமான, ஒழுங்கற்ற பற்கள், பற்களை நேராக்க அணியும் கம்பி ஆகியவற்றின் இடையில் ஊத்தை எளிதில் தங்கும்.
3. வாயால் மூச்சு விடும் பழக்கம் முன்பல் முரசை உலரச் செய்யும்.
4. புகைத்தல் முரசை அழிப்பதுடன் இரத்தக் கசிவையும் குறைத்து நோயை மறைத்துவிடும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுதலும் தீங்கானது. இவை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாகும்.
5. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு.
6. வலிப்பு நோய்க்கான சில மருந்துகளால் முரசு தடித்து வளரலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.
7. குடும்பத்தில் இளவயதிலேயே பல் இழந்தோர் இருத்தல். சில பிள்ளைகளில் ஊத்தை அதிகமின்றியே வெட்டும் பற்களையும் முதற் கடைவாய்ப் பற்களையும் தாங்கும் என்பு விரைவாகக் கரைவதுண்டு.

ஆரம்பத்தில் கண்டறிதல்

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஆரோக்கியமான முரசு இறுக்கமாகப் பல்லைப் பற்றியிருக்கும். துலக்கும்போது இரத்தம் வராது. துப்பும் நுரையில் இளஞ்சிவப்பு நிறம், பளபளத்து வீங்கிய ஓரம், துலக்கியும் மாறாத வாய் நாற்றம் என்பன ஆரம்ப அறிகுறிகள். பல் நீண்டது போலத் தெரிதல், புதிய இடைவெளி, சீழ், பல் ஆடுதல் என்பன நோய் முற்றியதைக் காட்டும். வாயைக் கையால் மறைத்துப் பேசும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அன்பாக விசாரியுங்கள்.

இரத்தம் வருகிறதென்று பலர் துலக்குவதை நிறுத்திவிடுகின்றனர். இது பெருந்தவறு. மென்மையான பற்தூரிகையை முரசின் ஓரத்தில் சாய்த்து வைத்து, காலையிலும் படுக்கைக்கு முன்பும் இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குதல் வேண்டும். உப்பு நீரால் கொப்பளிப்பது இதம் தரும், ஊத்தையை அகற்றாது. கல்லாக இறுகிய காரையைப் பல் வைத்தியரே அகற்ற முடியும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிடில் பல் வைத்தியரிடம் செல்லுங்கள். காரணமின்றி அதிகம் இரத்தம் கசிதல், உடல் வெளிறுதல், களைப்பு என்பன சேர்ந்து வந்தால் தாமதியாது இரத்தப் பரிசோதனை தேவை. காய்ச்சலுடன் முரசில் இரத்தம் கசிந்தால் அது டெங்கின் அபாய அறிகுறியாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும்.

பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் கவனிப்பு சுமார் 13 வயதுடன் நின்றுவிடுகின்றது. முரசு நோய்க்கு இடம் கொடுக்கும் வயதும் அதுவே. அதன் பின் பிள்ளையை அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு வருடம் ஒருமுறையாவது அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை. அங்கு சிகிச்சை இலவசமாகும்.

எம் சந்நிதியில் பஞ்சபுராணம் ஓதும் இளஞ்செல்வங்கள் முதுமையிலும் உறுதியான பற்களோடு தெளிவாகப் பாடி மகிழ எல்லாம்வல்ல எம்பெருமான் அருள்புரிவாராக.