பன்றிக்கு ஊசி, பிள்ளைக்குப் பாதுகாப்பு

திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஆடு, மாடு வளர்ப்போர் பலர். பன்றி வளர்ப்போர் சிலரே. ஆனால் பன்றி நாடாப்புழுவினால் வரும் நோய், பன்றியைத் தொடாதவர் வீட்டிலும், இறைச்சியே உண்ணாதவர் வீட்டிலும் நுழையும். எப்படி என்று பார்ப்போம்.

நோய் பரவும் விதம்

நாடாப்புழு மனிதனின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கிடக்கும் மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அவை அரிசி மணி போன்ற கட்டிகளாகின்றன. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவர் குடலில் மீண்டும் புழு வளரும்.

இதைவிடக் கொடியது மற்றொன்று. கழுவாத கை, கீரை, அசுத்த நீர் வழியாக முட்டைகள் நம் வயிற்றுக்குள் போனால், கட்டிகள் மூளையில் தங்கி வலிப்பு உண்டாக்கும். வேலூர் மாவட்ட ஆய்வொன்றில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பேய், பிசாசு என்று காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான தடுப்பூசியை, ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனலாஜிக்கல்ஸ் நிறுவனம் 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் தயாரித்தது. காமரூன் நாட்டில் நடந்து 2010இல் வெளியான சோதனையில், ஊசி போடாத பன்றிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் கட்டிகள் இருந்தன. ஊசியும் குடற்புழு மருந்தும் பெற்றவற்றில் ஒன்றில்கூட இல்லை.

ஊசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ள கட்டியை அழிக்காது. அதனால்தான் ஆக்ஸ்பெண்டசோல் மருந்தும் கொடுக்கப்படுகிறது.

செய்ய வேண்டியவை

1. தடுப்பூசி கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். முதல் ஊசிக்குப் பின் 3 முதல் 4 வாரங்களில் மறு ஊசி அவசியம். ஒன்றோடு நிறுத்தினால் பலன் குறையும்.

2. ஆக்ஸ்பெண்டசோலின் அளவு உடல் எடைக்குக் கிலோவுக்கு 30 மில்லி கிராம். மருத்துவர் ஆலோசனைப்படி மட்டும் கொடுங்கள். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் கேட்டறியுங்கள்.

3. பன்றிகளைக் கொட்டிலில் அடைத்து வளருங்கள்.

4. இறைச்சியை உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவையுங்கள்.

5. கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். மலத்தில் புழுத்துண்டு தென்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள்.

ஊசி பன்றிக்குத்தான், அதனால் காக்கப்படுவது நம் பிள்ளைகளின் மூளை.